நகல் சிரித்தால் அசல் மங்குமா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

கேலிக்காகப் படைக்கப்பட்ட ஒன்று, தான் கேலி செய்த பொருளையே விஞ்சி நிற்கக் கூடுமா? மதிய உணவு இடைவேளையில் நம் கல்லூரி வேப்பமரத்தடியில் தொடங்கிய இந்த வழக்கு, ஆய்வுக்கூடத்துக்கு மணி அடித்த பிறகும் முடியவில்லை. “நகல் என்றைக்கும் நகல்தான். நிலவு எவ்வளவு ஒளி வீசினாலும் அது கதிரவனிடம் கடன் வாங்கியதுதானே?” என்றார் நண்பர் ஒருவர். இயற்பியல் மாணவர் அல்லவா, உவமையும் பாடத்திலிருந்தே வந்தது. “கடன் வாங்கிய ஒளியில்தான் ஐயா காதலர்கள் உலவுகிறார்கள். கதிரவனின் சொந்த ஒளியில் சித்திரை மாதம் உலவிப் பார்க்கச் சொல்லுங்கள்” என்று மடக்கினார் இன்னொருவர். நான் அன்று வாய் திறக்கவில்லை. என் பங்கு வாதத்தை ஆண்டு மலருக்கென்று எடுத்து வைத்துக்கொண்டேன். இருபது வயது நிரம்பியவனுக்கு எதைப் பற்றியும் தீர்ப்புச் சொல்லும் உரிமை உண்டு என்ற துணிவுதான். பேராசிரியர் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும்.

வழக்கு கிளம்பியது ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரால். ‘ஸ்டார் டிரெக்’ என்னும் விண்வெளித் தொடர் 1966-ஆம் ஆண்டு தொடங்கியது. ஜீன் ராடன்பெர்ரி படைத்தது. மூன்று ஆண்டுகளில் 79 பகுதிகளோடு நிறுத்தப்பட்டது. நிறுத்தப்பட்ட பின்புதான் அதற்குப் புகழே வந்தது. 1987-இல் புதிய தலைமுறைக் கதை என்று மறுபடி முளைத்து, கிளை மேல் கிளையாகப் படர்ந்து இன்று பெரிய ஆலமரமாகிவிட்டது. இந்த மரத்தடியில் 2017-ஆம் ஆண்டு ‘தி ஆர்வில்’ என்று ஒரு செடி முளைத்தது. சேத் மக்ஃபார்லேன் என்னும் நகைச்சுவைக் கலைஞர் தாமே எழுதித் தாமே கப்பல் தலைவராகவும் நடித்தார். எல்லாம் அச்சு அசல் ஸ்டார் டிரெக். அதே போன்ற கப்பல், அதே போன்ற சீருடை, கிரகம் கிரகமாகச் சென்று நியாயம் பேசும் அதே வேலை. ஒரே வேறுபாடு, கப்பல் தலைவருக்கு அடுத்த பதவியில் வந்து உட்காருபவர் அவரை விவாகரத்துச் செய்த மனைவி! நாலாயிரம் ஒளியாண்டு தள்ளிப் போனாலும் குடும்பச் சண்டை கூடவே வருகிறது. நம் ஊர் மாமியார்களுக்கும் புரியக்கூடிய விண்வெளி இது.

வேடிக்கை என்னவென்றால், அதே 2017-ஆம் ஆண்டு, அதே செப்டம்பர் மாதத்தில் அசல் நிறுவனத்தாரும் ‘டிஸ்கவரி’ என்று ஒரு புதுத் தொடரைத் தொடங்கினார்கள். அது இருளும் போரும் நிறைந்தது; ஒரு பகுதியை விட்டுவிட்டால் அடுத்தது விளங்காது. பழைய ஸ்டார் டிரெக்கின் குணமோ வேறு. வாரம் ஒரு கதை, கதைக்கு ஒரு தருமசங்கடம், முடிவில் மனிதன் மேல் ஒரு நம்பிக்கை. அந்தக் குணத்தை அசல் கைவிட்டபோது, கேலி செய்ய வந்தவர் அதைக் கையில் ஏந்திக்கொண்டார். பழைய தொடரில் நடித்த ஜொனாதன் ஃப்ரேக்ஸ், ஆர்வில்லில் சில பகுதிகளை இயக்கியும் கொடுத்தார். மூத்த மகன் விட்டுப்போன வீட்டில், விளையாட்டுப் பிள்ளை என்று பெயர் வாங்கியவன் விளக்கேற்றிய கதைதான். 2022-இல் வந்த மூன்றாம் பருவத்தில் நகைச்சுவையே அருகிவிட்டது. எனக்கு அதில் மனக்குறைதான். நையாண்டிக்காரர் நல்லபிள்ளையாகிவிட்டால் பிறகு அவருக்கும் மற்றவருக்கும் என்ன வேறுபாடு?

அதற்கு முன்பே, 1999-இல் ‘கேலக்ஸி குவெஸ்ட்’ என்று ஒரு திரைப்படம் வந்தது. ஆர்வில்லைக் காட்டிலும் இதைத்தான் நான் மேலே வைப்பேன். எப்போதோ நின்றுபோன ஒரு விண்வெளித் தொடரின் நடிகர்கள், பிழைப்புக்காகப் பழைய உடையைப் போட்டுக்கொண்டு கடைத்திறப்பு விழாக்களுக்குப் போய்வருகிறார்கள். அவர்களைத் தேடி உண்மையான வேற்றுக்கிரகத்தார் வருகிறார்கள். அந்த அப்பாவிகளுக்குப் பொய் என்றால் என்னவென்றே தெரியாது. தொடரை வரலாற்று ஆவணம் என்று நம்பி, அதில் கண்ட அட்டைக் கப்பலைப் பார்த்தே ஓர் உண்மைக் கப்பலைக் கட்டிவிடுகிறார்கள்! நடித்துக்கொண்டிருந்தவர்கள் வேறு வழியின்றி வீரர்களாக ஆகவேண்டியிருக்கிறது. 2013-ஆம் ஆண்டு லாஸ் வேகாஸில் கூடிய ஸ்டார் டிரெக் அன்பர்கள், தங்கள் அபிமானப் படங்களை வரிசைப்படுத்தியபோது, தங்களைக் கேலி செய்த இந்தப் படத்தையும் பட்டியலில் சேர்த்து ஏழாம் இடம் கொடுத்தார்கள். அசல் படங்கள் அப்போது பன்னிரண்டு. ஆக, பாதி அசல்களை ஒரு நகல் தாண்டிவிட்டது. தீர்ப்பு வழங்கியவர்களோ அசலின் பக்தர்கள்.

விண்வெளியில் நமக்கு என்ன வேலை என்று கேட்பீர்களானால், ஸ்டார் டிரெக் தொடங்குவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 1963-இல், நம் எம்.ஜி.ஆர். வேற்றுக்கிரகம் போய்வந்துவிட்டார். ‘கலை அரசி’ என்பது படத்தின் பெயர். அந்தக் கிரகத்தாருக்கு எல்லா விஞ்ஞானமும் கைவந்துவிட்டது, கலை மட்டும் வரவில்லை. ஆகவே பாடத் தெரிந்த பானுமதியைப் பூமியிலிருந்து தூக்கிச் செல்கிறார்கள். மீட்கப் போகும் நாயகன், அங்கே தன்னைப் போலவே இருக்கும் ஒரு கோமாளியின் இடத்தில் புகுந்துகொள்கிறான். எவ்வளவு அழகான கற்பனை! இன்று அதைப் பார்க்கும் நம் வகுப்பு நண்பர்கள் அந்தக் கப்பலையும் உடைகளையும் கண்டு வயிறு வலிக்கச் சிரிக்கிறார்கள். நையாண்டி செய்ய ஆள் வேண்டியதில்லை, அறுபது ஆண்டு கடந்தால் காலமே அதைச் செய்துவிடுகிறது என்பதற்கு இது சான்று.

ஆனால் தமிழில் இந்த வழக்குக்கு நேரான முன்மாதிரி விண்வெளியில் இல்லை, அரண்மனையில் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டு சிம்புதேவன் இயக்கத்தில், இயக்குநர் ஷங்கரின் தயாரிப்பில் வந்த ‘இம்சை அரசன் 23-ஆம் புலிகேசி’யைத்தான் சொல்கிறேன். வடிவேலு கதாநாயகராக நடித்த முதல் படம். இரட்டைப் பிறவிகள், பேராசை பிடித்த தாய்மாமன், அரண்மனையில் வளரும் மூடன், வெளியே வளரும் வீரன், பிறகு ஆள்மாறாட்டம் என்று இந்தக் கதை எங்கேயோ கேட்டது போலிருக்கிறதே என்று தோன்றினால் தவறில்லை. 1958-இல் சிவாஜி கணேசன் இரு வேடங்களில் நடித்த ‘உத்தமபுத்திரன்’ கதையின் எலும்புக்கூடு அது. அதன் மேல் சதைக்குப் பதிலாகச் சிரிப்பை வைத்து மூடினார்கள்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. 1958-இன் உத்தமபுத்திரனாவது அசலா என்றால், அதுவும் இல்லை. 1940-இலேயே சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ், பி. யு. சின்னப்பாவை இரு வேடங்களில் நடிக்க வைத்து இதே பெயரில் படம் எடுத்துவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு ஹாலிவுட்டில் ‘இரும்பு முகமூடி மனிதன்’ வந்திருந்தது. அதற்கும் முன்னால் பிரெஞ்சு நாவலாசிரியர் அலெக்சாண்டர் டூமா இருக்கிறார். அவருக்கும் முன்னால் முகமூடியிட்ட ஒரு கைதியைப் பற்றிய பிரான்சு நாட்டு ஊர்வம்பு இருந்தது. அசலைத் தேடிப் போனால் கடைசியில் ஒரு வம்புப் பேச்சில் வந்து நிற்கிறோம்! அசல் என்று நாம் மார்தட்டுவது பெரும்பாலும் நமக்கு முந்தைய நகலைத்தான்.

சரி, புலிகேசி உத்தமபுத்திரனை வென்றாரா? என் துணிபைச் சொல்லிவிடுகிறேன். பாதி வென்றார். வீரமே இல்லாத தன் உடம்பை ஓவியன் வேறோர் ஆணழகன் உடம்போடு ஒட்டி வரைவதைப் பெருமிதத்தோடு பார்த்துக்கொண்டிருக்கும் மன்னன்; சாதிச் சண்டைக்கென்றே மைதானம் கட்டித் திறந்து வைக்கும் மன்னன்; வெளிநாட்டார் விற்கும் குளிர்பானத்துக்கு விளம்பரம் செய்யும் மன்னன். இந்த மன்னனை எந்த ராஜா ராணிப் படத்திலும் நாம் கண்டதில்லை. ஆனால் நாளேட்டில் நாள்தோறும் காண்கிறோம். பழைய படங்களின் மன்னர்கள் கெட்டவர்களாக இருந்தாலும் கம்பீரமாகக் கெட்டவர்கள். அதிகாரம் என்பது கம்பீரம் கூட இல்லாமல் இருக்கக்கூடும் என்று சொல்லிக் கொடுத்தது புலிகேசிதான். அந்த இடத்தில் அசலால் எட்ட முடியாத உயரத்தை நகல் எட்டிவிட்டது.

மற்றப் பாதிக்கு வருவோம். அதே படத்தில் வடிவேலு நல்ல தம்பி உக்கிரபுத்தனாகவும் வருகிறார். நிமிர்ந்து நடக்கிறார், நீதி பேசுகிறார், வாள் சுழற்றுகிறார். குறை சொல்வதற்கில்லை. ஆனாலும் அவர் வரும்போதெல்லாம் நம் கண் வாசல் பக்கம் போகிறது, புலிகேசி எப்போது வருவார் என்று. கேலி செய்யும்போது வென்ற நகல், உள்ளபடியே அசலைப் போல் ஆக முயன்ற இடத்தில் தோற்றுவிட்டது. சிவாஜியின் விக்கிரமனையும் பார்த்திபனையும் அடுத்தடுத்துப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். ஒரே முகம், புருவ அசைவில் இரண்டு மனிதர்கள். அந்த வித்தைக்கு நகல் கிடையாது.

2010-இல் வந்த ‘தமிழ்ப்படம்’ இன்னொரு வகை. காட்சிக்குக் காட்சி எந்தப் படத்தை நக்கல் செய்கிறது என்று கண்டுபிடிப்பதே அதன் சுவை. பள்ளியில் படித்தபோது அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தேன். சென்ற மாதம் என் தங்கையோடு மறுபடி பார்த்தேன். பாதி இடங்களில் “இதுல என்ன அண்ணா சிரிப்பு?” என்று கேட்டாள். கேலிக்கு ஆளான படங்களை அவள் பார்த்ததில்லை. கொடி, கொழுகொம்பு இல்லாமல் நிற்பதில்லை. புலிகேசிக்கோ கொழுகொம்பு தேவைப்படவில்லை. உத்தமபுத்திரனின் பெயரைக்கூடக் கேட்டிராத என் தங்கை, புலிகேசியின் வசனங்களை வரிசை பிசகாமல் ஒப்பிக்கிறாள். அவளைப் பொறுத்தவரை ராஜா என்றாலே முறுக்கிய மீசையும் மிரண்ட விழியுமாக வடிவேலுதான். பின்னால் ‘பொன்னியின் செல்வன்’ வந்து அவளுக்கு வேறு ராஜாக்களைக் காட்டியது. “இவங்க ஏன் சிரிக்கவே மாட்டேங்கிறாங்க?” என்றுதான் கேட்டாள்.

ஸ்பெயின் நாட்டில் 1605-இல் செர்வாண்டிஸ் ‘டான் குவிக்சோட்’ எழுதியபோது, அங்கே வீரதீரக் கதைகள் மலிந்து கிடந்தன. அவற்றைப் படித்துப் படித்து மதி மயங்கிய ஒரு கிழவர், காற்றாலையை அரக்கன் என்று எண்ணி ஈட்டி தூக்குகிறார். கேலிக்கு ஆளான அந்தக் கதைகளை இன்று ஆராய்ச்சி மாணவர்களைத் தவிர வேறு யாரும் புரட்டுவதில்லை. கிழவரோ நானூறு ஆண்டுகளாக உலகம் சுற்றுகிறார். காரணம், எழுதியவருக்கு அவர் மேல் சிரிப்பு மட்டும் வரவில்லை, இரக்கமும் வந்துவிட்டது.

நம்மிடமும் இல்லாமலில்லை. முதலாண்டுத் தமிழ் வகுப்பில் திருக்குற்றாலக் குறவஞ்சி படித்தோம். திரிகூடராசப்பக் கவிராயர் முறைப்படி தலைவனை உலாவரச் செய்கிறார். வசந்தவல்லியை முறைப்படி ஏங்கச் செய்கிறார். எல்லாம் இலக்கண வழி. பிறகு குறி சொல்லக் குறத்தி வருகிறாள், அவளைத் தேடிச் சிங்கன் வருகிறான். அவ்வளவுதான், நூலே அவர்கள் கைக்குப் போய்விடுகிறது. காதலி காணாமல் தவிக்கும் சிங்கனின் தவிப்பு, முன்னே வசந்தவல்லி தவித்த தவிப்பின் நகல்தானே! ஆனாலும் நூலுக்குப் பெயர் வசந்தவல்லியின் பேரால் அமையவில்லை, குறத்தியின் பேரால் அமைந்தது. வகுப்பில் எங்களுக்கு மனத்தில் நின்றதும் சிங்கனும் சிங்கியும்தான். (எங்கள் ஊர்ப் பக்கத்து நெடுஞ்சாலையில் மேற்கே போனால் வரும் காஞ்சிபுரத்தில், ஏழாம் நூற்றாண்டில் ஒரு மன்னரே நையாண்டி நாடகம் எழுதியிருக்கிறார். மகேந்திரவர்மப் பல்லவரின் ‘மத்தவிலாசப் பிரகசனம்’. காணாமற்போன ஒரு மண்டையோட்டுக் கப்பரைக்காகத் துறவிகள் தெருவில் அடித்துக்கொள்ளும் கதை. வடமொழியில் எழுதியது. மன்னர் எழுதியதால் அவையோர் சிரித்துத்தான் ஆகவேண்டும் என்று வைத்துக்கொண்டாலும், இன்றைக்கும் சிரிப்பு வருகிறது.)

தெருக்கூத்துப் பார்த்தவர்களுக்கு இத்தனை மேற்கோளும் தேவையில்லை. திருவள்ளூர்ப் பக்கம் என் அம்மாவின் ஊரில் திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடியக் கூத்து நடக்கும். துரியோதனன் திரைக்குப் பின்னால் ஆர்ப்பரித்துக்கொண்டு வருவான். அவன் முடியும் புஜகீர்த்தியும் ஓர் ஆள் பாரம். ஆனால் அவன் வருமுன்பே வந்து, அவன் போன பின்பும் நிற்பவன் கட்டியங்காரன். மன்னன் கர்ஜித்தால் அவனும் கர்ஜித்துக் காட்டுவான். மன்னன் கிறுகிறுவென்று சுற்றினால் அவனும் சுற்றித் தடுக்கி விழுவான். எல்லார் வசனமும் அவனுக்குத் தெரியும். “துரியோதனன் வேஷம் கட்ட தொண்டையும் உடம்பும் இருந்தா போதும், கட்டியங்காரனுக்கு பாரதமே தெரியணும்” என்பார் என் தாத்தா. நகல் எடுப்பவனுக்கு அசலைக் காட்டிலும் கூடுதலாகத் தெரிந்திருக்க வேண்டும் என்ற இந்த ஒரு பேச்சு, நான் படித்த எந்தத் திரைப்பட விமரிசனத்திலும் இல்லை.

இனி, இந்த வழக்கு எனக்கு ஏன் வெறும் மரத்தடி வழக்கு அல்ல என்று சொல்ல வேண்டும்.

என் தந்தையார் சினிமாவுக்குச் செட் போடும் தச்சர். எங்கள் வீடு பூந்தமல்லியை ஒட்டிய சென்னீர்குப்பத்தில். செம்பரம்பாக்கம் பக்கத்துப் படப்பிடிப்புத் தளமானாலும், வடபழனிப் பக்கமானாலும், வேலை எங்கே என்று முதல் நாள் இரவு தொலைபேசி வரும், விடியுமுன் கிளம்பிவிடுவார். பிளைவுட், ரீப்பர் கட்டை, தெர்மாகோல், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். இந்த நான்கையும் கொண்டு நீதிமன்றம், காவல் நிலையம், மருத்துவமனை, அரண்மனை என்று அவர் கட்டாதது ஒன்றுமில்லை. கட்டியதில் ஒன்றுகூட இன்று இல்லை. படப்பிடிப்பு முடிந்த மறுநாள் அவரே ஆணி பிடுங்கி அடுக்கி வைத்துவிட்டு வருவார். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். சேர்ந்த அன்று அவர் சொன்னது: “நான் கட்டுறதெல்லாம் டூப்பு. நீயாச்சும் ஒரிஜினலா ஒண்ணைக் கத்துக்கோ.”

அந்தப் பேச்சு முள்ளாக எனக்குள் தங்கிவிட்டது. ஆய்வுக்கூடத்தில் நான் செய்வது என்ன? நியூட்டன் வளையமும், யங் குணகமும், எவரோ எப்போதோ செய்து முடித்த சோதனைகளின் நகல். விடை முன்பே தெரியும். வகுப்பில் பேராசிரியர் பேசுவது போலப் பேசப் பழகுகிறேன். நூலில் உள்ளது போல எழுதப் பழகுகிறேன். என் வீட்டுத் தெருவில் இறங்கியதும் வேறு மொழி பேசுகிறேன். எது டூப்பு, எது ஒரிஜினல்?

கல்லூரி நாள் விழாவுக்கு எங்கள் துறையினர் ஒரு சிறு நாடகம் போடுவதென்று தீர்மானித்தபோது, முந்தைய ஆண்டு வேறொரு குழுவினர் சந்திரயான்-3 நிலவில் இறங்கியதை (2023 ஆகஸ்டு 23) உருக்கமாக நடித்துக் கைதட்டல் வாங்கியிருந்தார்கள். நான் எழுதிக் கொடுத்ததோ அதே விண்வெளிப் பயணத்தை மாநகரப் பேருந்தாக்கிய கூத்து. பூந்தமல்லியில் புறப்பட்டுச் செவ்வாய்க்குப் போகும் ‘54 விண்வெளி விரைவு’. “செவ்வாய் இறங்குறவங்க முன்னாடி வாங்க, உள்ள தள்ளி நில்லுங்க, உள்ள எவ்ளோ வெற்றிடம் இருக்கு பாருங்க!” என்பார் நடத்துநர். மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் புவியீர்ப்பு எல்லைவரைதானா, அதற்கு அப்பாலும் உண்டா என்று ஒரு வழக்கு நடக்கும். நொடிக்கு 11.2 கிலோமீட்டர் வேகம் எடுத்தால்தான் பூமியை விட்டு விலக முடியும் என்று ஓட்டுநர் சொல்ல, குமணன்சாவடி நெரிசலில் அது எப்படி முடியும் என்று பயணி ஒருவர் கேட்பார்.

ஒத்திகை பார்த்த ஆசிரியர் ஒருவர் முகம் சுளித்தார். “நாடே பெருமைப்படும் ஒன்றை இப்படியா கிண்டல் செய்வது? நீங்கள் முன்னேறி வரும் பிள்ளைகள். உங்களிடம் எதிர்பார்ப்பது இதுவல்ல” என்றார். நல்லெண்ணத்தோடு சொன்னதுதான். ‘முன்னேறி வரும் பிள்ளைகள்’ சிரிக்கக் கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. கடைசிக் காட்சியை ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள் என்று மட்டும் வேண்டிக்கொண்டேன். பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார். மறுநாள் அனுமதி வந்தது.

செட்டுக்குக் காசில்லை. அப்பாவிடம் கேட்டேன். வேலையில்லாத இரண்டு நாள்களில், எங்கோ மிஞ்சிக் கிடந்த தட்டிகளைக் கொண்டு பேருந்தின் முகப்பையும் பொத்தான் பலகையையும் செய்தார். வேடிக்கை நாடகம்தானே, பலகையைக் கோணலாக வைத்துப் பொத்தானுக்குப் பதில் சோடா மூடி ஒட்டினால் சிரிப்பாக இருக்குமே என்றேன். கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார்.

“காமெடின்னா செவுரு நேரா இருக்கணும்டா. செவுரே கோணலா இருந்தா, கோணலா நடக்கிறவனைப் பார்த்து எவன் சிரிப்பான்?”

வகுப்பில் கேட்டிராத அழகியல் பாடம் அது. பிறகுதான் ஒன்று நினைவுக்கு வந்தது: புலிகேசியின் அரண்மனையை அமைத்தவர், ‘பாரதி’ படத்துக்காகத் தேசிய விருது பெற்ற கலை இயக்குநர் பி. கிருஷ்ணமூர்த்தி. பாரதியாரின் காலத்தைக் கட்டிய அதே அக்கறையோடு இம்சை அரசனின் கொலுமண்டபத்தையும் கட்டினார். தூண் மெய்யாக இருந்ததால்தான் அதன் முன் நின்ற மன்னன் பொய்யாகத் தெரிந்தான்.

விழா நாளன்று அப்பா முதன்முறையாக நம் கல்லூரிக்குள் வந்தார். பெற்றோர் என்று முன்வாசல் வழியாக வரவில்லை. சிறு சரக்கு வண்டியில் தட்டிகளோடு பின்வாசல் வழியாக வந்தார்.

கடைசிக் காட்சி இதுதான். பேருந்து ஒரு விண்கல்லின் நிழலில் பழுதாகி நின்றுவிடுகிறது. கொஞ்சம் நகர்ந்தால் போதும், சூரியத் தகட்டில் வெளிச்சம் பட்டு இயந்திரம் உயிர் பெறும். “எல்லாரும் இறங்கித் தள்ளுங்க” என்கிறார் ஓட்டுநர். அரங்கமே சிரிக்கிறது. ஆனால் விண்வெளியில் தள்ளினால் தள்ளுபவரும் எதிர்ப்பக்கம் போய்விடுவார், நியூட்டனின் மூன்றாம் விதி. யார் இறங்குவது? அதுவரை சீட்டுக்கும் சில்லறைக்கும் சண்டை போட்டவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். நடத்துநர் தோல்பையைச் சரிசெய்துகொண்டு இறங்குகிறார். தள்ளுகிறார். மேடையின் ஓரத்தை நோக்கி மெல்ல மெல்லப் பின்னால் போகிறார். போகிறவர் வழக்கம்போல விசிலை எடுத்து ஊதுகிறார். நாடகம் முழுக்க அந்த விசிலுக்குத்தான் சிரிப்பு. இப்போது சத்தம் வரவில்லை. வெற்றிடத்தில் ஒலி பரவாது அல்லவா? மறுபடி ஊதுகிறார். சத்தம் இல்லை. நானூறு பேர் இருந்த அரங்கில் மின்விசிறி ஓசை கேட்டது.

வெளிச்சம் படுகிறது, இயந்திரம் உறுமுகிறது. ஓட்டுநர் வண்டியை எடுக்கவில்லை. “ரெட்டை விசில் வராம எப்படிம்மா எடுக்கிறது?” என்கிறார். முதலில் கீரைக்கார அம்மாள் வாயில் விரல் வைத்து விசிலடிக்கிறார், பிறகு எல்லாப் பயணிகளும், பிறகு நாங்கள் எதிர்பாராதபடி அரங்கின் பின்வரிசையும். நடத்துநர் போன திசையில் ஓட்டுநர் வண்டியைத் திருப்புகிறார்.

பரிசு எங்களுக்கு இல்லை. ஆனால் மறுநாள் இயற்பியல் வகுப்பு முழுக்க இதே பேச்சுதான். கயிறு கட்டி இறங்கியிருக்கலாமே என்று முதலாண்டு மாணவர் ஒருவர் கேட்டார். பேராசிரியர் கரும்பலகைக்குப் போய்விட்டார். 60 கிலோ மனிதர் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் விலகினால், 60,000 கிலோ வண்டி நொடிக்கு 2 மில்லிமீட்டர் நகரும், மணிக்கு 7.2 மீட்டர். கயிறு இறுகிய கணமே வண்டியும் நின்றுவிடும், ஏனென்றால் மொத்த உந்தம் சுழி. ஒரு மணி நேரம் இறுகாமல் இருக்க 7.2 கிலோமீட்டர் கயிறு வேண்டும். “ஆகவே நடத்துநர் செய்ததுதான் சரி” என்று சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தார். ஒரு கேலி நாடகத்துக்காக உந்த அழிவின்மை விதி இவ்வளவு ஆர்வத்தோடு கேட்கப்பட்டது நம் துறையில் இதுவே முதல்முறை என்றார்.

சந்திரயான் நாடகத்தை நாங்கள் வென்றுவிட்டோமா? அதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது உண்மை. சந்திரயான் இறங்கியிராவிட்டால் என் பேருந்து புறப்பட்டே இருக்காது என்பதும் உண்மை. மரத்தடி நண்பரிடம் இதை ஒப்புக்கொள்ளத் தடையில்லை. ஆனால் நிலவின் ஒளி கடன் என்பதற்காக அமாவாசையை யாரும் விரும்புவதில்லை என்பதையும் அவர் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அன்றிரவு வண்டியில் திரும்பும்போது அப்பா நாடகத்தைப் பற்றி ஒன்றுமே பேசவில்லை. கரையான்சாவடி தாண்டிய பிறகு, “செவுரு நேரா இருந்துச்சு இல்ல?” என்று மட்டும் கேட்டார். இருந்தது என்றேன்.

விழா முடிந்து பேருந்து முகப்பைப் பிரித்து எடுத்துப் போய்விட்டார்கள். பொத்தான் பலகையை மட்டும் பிரிக்க மனமில்லாமல் துறைத் தலைவர் ஆய்வுக்கூடத்திலேயே வைத்துக்கொண்டார். அப்பா கட்டியதில் பிரிக்கப்படாமல் நிற்பது அது ஒன்றுதான். மாறுமின்தடைப் பெட்டிகளுக்கும் கால்வனாமீட்டருக்கும் பக்கத்தில் சாத்தி வைத்திருக்கிறார்கள். இந்தப் பருவம் புதிதாகச் சேர்ந்த மாணவி ஒருவர், அதன் பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துவிட்டு, பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஆய்வுக்கூட உதவியாளரிடம் கேட்டாராம்: “அண்ணா, இது எத்தனையாவது எக்ஸ்பெரிமென்ட்?”